ஆண்ட்ராய்டா ஐபோனா: பர்மாவில் முதன்முறை மாறுபவர்களுக்கு

போன் மாற்றலாம் என்று நினைத்த உடனே எல்லாரும் கேட்பது, எது நல்லது, ஐபோனா ஆண்ட்ராய்டா என்றுதான். அதற்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். இப்போது கையில் இருக்கும் போனில் உள்ள கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? உங்கள் சிம் யாருடைய என்.ஆர்.சி. என்ற அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது? இந்த மூன்றும் கைவசம் இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் மாறினாலும் ஒரு சாயங்கால வேலைதான். இல்லையென்றால் எவ்வளவு காசு கொட்டிப் புதுப் போன் வாங்கினாலும் பழையதை விட முடியாமல் இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

நம் ஊரில் இது இவ்வளவு பெரிய சிக்கலாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2014-இல் ஊரிடூ, டெலினார் என்ற இரண்டு சிம் கம்பெனிகள் வந்து சிம் 1,500 கியாட்டுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சிம் என்பதே வசதியானவர்கள் சமாச்சாரம். கணினியோ இமெயிலோ தொட்டே பார்க்காதவர்கள் நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஜிமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கொடுத்தது யார்? போன் கடைப் பையன்தான். ஐபோன் வாங்கினவர்கள் கதையும் அதேதான். ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை மியான்மருக்கென்று தனியாகத் திறந்ததே 2020 ஏப்ரலில். அதுவரை அமெரிக்கா, சிங்கப்பூர் என்று ஏதோ ஒரு நாட்டைப் போட்டு, ஏதோ ஒரு பிறந்த தேதியைப் போட்டு, கடையிலேயே ஆப்பிள் ஐடி உண்டாக்கிக் கொடுப்பார்கள். ஒரே ஐடியை வரிசையாகப் பல பேர் போனில் ஏற்றிவிடுகிற கடைகளும் உண்டு. அப்படிச் செய்தால் யாரோ ஒருவருடைய தொடர்பு எண்களும் போட்டோவும் உங்கள் போனுக்கு வரும், உங்களுடையது அவருக்குப் போகும். அதைவிட மோசம், அந்த ஐடியின் பாஸ்வேர்டு தெரிந்த எவரும் எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு உங்கள் போனைப் பூட்டிவிடலாம்.

என் சித்திக்கு நடந்தது இது. கடையில் போட்டுக் கொடுத்த ஐடி, பல வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் அப்டேட் முடிந்ததும் பாஸ்வேர்டு கேட்டது. கடைக்குப் போனால் கடையே இல்லை, அங்கே பலகாரம் விற்கிறார்கள். பாஸ்வேர்டை மீட்க வரும் ஓடிபி எந்த நம்பருக்குப் போனது என்றே யாருக்கும் தெரியவில்லை. பேரன் பிறந்தபோது எடுத்த படங்களை ஒவ்வொன்றாக வைபரில் எனக்கு அனுப்பித்தான் காப்பாற்றினார். போன் நல்ல போன்தான், கணக்குதான் அவருடையது இல்லை.

அதனால் முதல் வேலை கணக்கு. புதுப் போன் வாங்குவதற்கு முன்பே, இன்றைக்கே செய்யலாம். உங்கள் பெயரில், உங்கள் உண்மையான பிறந்த தேதியோடு ஒரு ஜிமெயில் திறங்கள். மீட்பு எண்ணாக +95-இல் தொடங்கும் உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், நான் எழுதத்தான் சொல்வேன். மறந்து போய் கணக்கை இழப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

ஐபோனுக்குப் போவதாக இருந்தால் அந்த ஜிமெயிலை வைத்தே ஆப்பிள் ஐடியையும் நீங்களே உண்டாக்குங்கள் (இப்போது அதை ஆப்பிள் கணக்கு என்று சொல்கிறார்கள்). நாடு மியான்மர் என்று கொடுத்தாலே போதும். கார்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம், இலவச ஆப் ஒன்றை இறக்கப் போய் அங்கிருந்தே ஐடி தொடங்கினால் பணம் செலுத்தும் வழி என்ற இடத்தில் எதுவும் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க முடியும்.

அப்புறம் சிம். அக்கா பெயரில், முன்னாள் முதலாளி பெயரில், பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் என்று சிம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் உங்கள் என்.ஆர்.சி.க்கு மாற்றிவிடுங்கள். பணம் அனுப்பும் கேபே, வேவ் பே ஆப்கள், வாட்ஸ்ஆப், வைபர், டெலிகிராம் எல்லாமே அந்த நம்பரில்தான் தொங்குகின்றன. சிம் தொலைந்து, பதிவு வேறு பெயரில் இருந்தால், அந்த நம்பரோடு பணமும் போய்விடும்.

எது யாருக்குப் பொருந்தும்

சரி, இப்போது ஐபோனா ஆண்ட்ராய்டா.

ஆண்ட்ராய்டின் பெரிய பலம், எல்லா விலையிலும் கிடைக்கிறது, எல்லா ஊரிலும் ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிறது. மோல்மேனிலோ தட்டோனிலோ திரை உடைந்தால் சாம்சங்குக்கோ ஷாவ்மிக்கோ அன்றைக்கே கண்ணாடி மாற்றிவிடலாம். இரண்டு சிம் போட இடம் இருக்கும், பல மலிவு மாடல்களில் மெமரி கார்டும் போடலாம். நம்மில் நிறையப் பேர் ஊருக்குள் ஒரு கம்பெனி, வெளியூர் போனால் சிக்னலுக்கு இன்னொரு கம்பெனி என்று இரண்டு சிம் வைத்திருக்கிறோம், இது சின்ன விஷயம் இல்லை. தமிழ் எழுதுவதிலும் ஆண்ட்ராய்டில் வரும் ஜிபோர்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக வரும், பேசினால் தமிழாக வரும், விரலால் திரையில் எழுதினாலும் தமிழாக வரும். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், கோயில் வகுப்பில் கொஞ்சம் எழுத்தும் படித்திருப்பார்கள், ஆனால் கீபோர்டில் எழுத்தைத் தேட வராது, அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு விரலால் எழுதுகிற வசதியைக் காட்டிக் கொடுத்துப் பாருங்கள், சென்னை பர்மா காலனியில் இருக்கும் தங்கச்சிக்கு அவர்களே எழுதி அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

குறை என்னவென்றால் மலிவு ஆண்ட்ராய்டு சீக்கிரம் கிழடாகிவிடும். சில வருஷத்தில் அப்டேட் நின்றுவிடும், அதற்கப்புறம் பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள் ஒவ்வொன்றாக இந்தப் போனில் ஓடாது என்று சொல்லும். விலை உயர்ந்த பக்கம் நிலைமை மாறியிருக்கிறது. 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கும் மாடலுக்கு எத்தனை வருஷம் என்று கடையில் கேட்பதோடு விடாமல் கம்பெனியின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஸாப்யா என்ற ஆப் வழியாக ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு ஆப்பைத் தள்ளிவிடும் பழக்கம். டேட்டா மிச்சம், உண்மைதான். ஆனால் அப்படி வரும் ஆப்புக்குள் வேறு எதையாவது திணித்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டு ஆப்பில்கூட ஆபத்து உண்டு, கேபே இருக்கிற போனில் அப்படி எதையும் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஐபோனில் இந்த வழியே கிடையாது. சிலருக்கு அது தொந்தரவு, அம்மா அப்பா கையில் கொடுக்கும் போனுக்கு அது பாதுகாப்பு.

ஐபோனின் பலம் ஆயுள். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 (ஐபோனின் மென்பொருள்) வரை அப்டேட் கிடைத்தது. விற்கும்போதும் ஓரளவு காசு திரும்பி வரும், கியாட்டின் மதிப்பு இப்படி ஆடுகிற காலத்தில் அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். தமிழ் கீபோர்டு 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே உள்ளேயே இருக்கிறது, தமிழ்99 (தமிழ் எழுத்து விசைகள்), அஞ்சல் (ஆங்கில எழுத்தில் தட்டுவது) இரண்டு முறையும் உண்டு. செட்டிங்ஸில் ஜெனரல், கீபோர்டு என்று போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். குறைகள்: விலை, மெமரி கார்டு போட முடியாது, இலவச ஐகிளவுட் 5 ஜிபி மட்டும் (கூகுள் 15 ஜிபி தருகிறது), சின்ன ஊர்களில் அசல் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். ஐபோன் 14 வரைக்கும் சார்ஜர் வாய் தனி, 15-லிருந்துதான் ஆண்ட்ராய்டு மாதிரி சி கேபிள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிற வீட்டில், ஒரே கேபிளில் எல்லார் போனும் பவர் பேங்கும் ஏறுவது எவ்வளவு உதவி என்று உங்களுக்கே தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், கையில் காசு அளவாக இருந்து புதுப் போன் வாங்குபவர் அப்டேட் உறுதியுள்ள நடுத்தர விலை ஆண்ட்ராய்டையே எடுக்கட்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் நல்ல ஐபோன் கொண்டுவந்து தருகிறார், ஐந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தாராளமாக அதற்கு மாறுங்கள். வட்டிக்கு வாங்கி ஐபோன் எடுக்க வேண்டாம்.

மூசே எல்லை வழியாக வரும் சீனப் பதிப்பு ஆண்ட்ராய்டு பற்றியும் சொல்ல வேண்டும். விலையைப் பார்த்தால் ஆசை வரும். கூகுள் பிளே இருக்காது அல்லது யாராவது உள்ளே சொருகியிருப்பார்கள், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வைபர் அழைப்பே மணி அடிக்காமல் போகும். குளோபல் பதிப்பா என்று கேட்டு, கடையிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹுவாவேயும் தனிக்கதை. 2019-இல் அமெரிக்கத் தடை வந்ததற்குப் பிறகு வெளியிட்ட மாடல்களில், மேட் 30 தொடங்கி, கூகுள் சேவைகள் இல்லை.

பழைய ஐபோன் வாங்கும்போது

செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போங்கள். மாடல் நம்பர் என்று ஒன்று இருக்கும். முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்ற செட், எஃப் என்றால் கம்பெனி புதுப்பித்தது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தது. கடைசி எழுத்துகள் எந்த நாட்டுக்கு வந்த செட் என்று சொல்லும். எல்எல் அமெரிக்கா, ஜே ஜப்பான், டிஎச் தாய்லாந்து, சிஎச் சீனா. இது ஏன் முக்கியம் என்றால் அமெரிக்க ஐபோன் 14-லிருந்து சிம் போடும் இடமே கிடையாது, இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) மட்டும்தான். 2025-இல் வந்த 17 வரிசையில் ஜப்பான், துபாய் செட்டுகளும் அப்படியே. உங்கள் சிம் கம்பெனி இசிம் தருகிறதா என்று கேட்காமல் அதை வாங்கினால் வீட்டு வைஃபையில் மட்டும் ஓடும் கண்ணாடிப் பலகைதான் மிஞ்சும். சீனாவுக்கு வந்த பல மாடல்களில் இரண்டு சிம்மும் நேராகப் போடலாம். ஜப்பான் செட்டில் கேமராச் சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம், கோயிலில் படமெடுக்கும்போது தெரியும்.

அதே பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். பேட்டரியோ திரையோ மாற்றியிருந்தால், அசல் இல்லையென்றால், ஓரளவு புதிய மாடல்களில் அங்கேயே தெரியாத பாகம் என்று காட்டும். கடைசியாக, விற்பவரையே உங்கள் கண் முன்னால் போனை முழுக்க அழிக்கச் சொல்லுங்கள். ஹலோ என்று வரும் திரையிலிருந்து மேலே போகும்போது வேறு யாருடைய ஆப்பிள் ஐடியையாவது கேட்டால் அந்தப் போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு

இரண்டு போனையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மின்சாரம் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்து மூவ் டு ஐஓஎஸ் என்ற ஆப்பை இறக்குங்கள், ஆப்பிளே கொடுப்பது. புது ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போது ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவா என்று ஒரு வழி வரும், அதை அழுத்தினால் ஒரு எண் காட்டும், அந்த எண்ணை ஆண்ட்ராய்டில் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று நேராக இணைந்துகொள்ளும். இது போனுக்குப் போன் போவது, உங்கள் டேட்டா செலவாகாது. ஆனால் ஆப்களை மறுபடி இறக்க டேட்டா வேண்டும், அதனால் வைஃபை உள்ள இடம் நல்லது. நடுவில் ஆண்ட்ராய்டில் வேறு ஆப்பைத் திறக்காதீர்கள், அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள், மாற்றம் நின்றுவிடும். நிறையப் போட்டோ இருந்தால் நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

தொடர்பு எண், எஸ்எம்எஸ், கேமராப் படங்கள், காலண்டர் எல்லாம் இதில் வந்துவிடும். வாட்ஸ்ஆப்பும் இதே நேரத்தில்தான், இதே ஆப்பில்தான் வர வேண்டும். 2022-இல் வந்த வசதி இது. பட்டியலில் வாட்ஸ்ஆப்பைத் தேர்ந்தெடுத்து, ஐபோனில் அதே நம்பரில் நுழைந்தால் பழைய பேச்சு முழுக்க இருக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டி ஐபோனை அமைத்து முடித்துவிட்டு அப்புறம் வாட்ஸ்ஆப் ஞாபகம் வந்தால், ஐபோனை அழித்து முதலிலிருந்து தொடங்குவதுதான் நேர் வழி. காசு கொடுத்து வாங்கிய ஆப் எதுவும் இந்தப் பக்கம் வராது, மறுபடி வாங்க வேண்டும்.

டெலிகிராமுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், நுழைந்தால் எல்லாம் இருக்கும், ரகசியப் பேச்சு மட்டும் வராது. வைபரில்தான் கவனம் தேவை. நகல் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குப் போகிறது, ஐபோனில் ஐகிளவுடுக்குப் போகிறது. பேச்சு அப்படியே இந்தப் பக்கம் தாண்டும் என்று நம்பி இருக்காதீர்கள். கல்யாணப் படம், கடைக் கணக்கு, பத்திரத்தின் படம் என்று வைபர் குரூப்புகளில் கிடக்கும் முக்கியமானவற்றை மாறுவதற்கு முன்பே கேலரிக்குச் சேமியுங்கள்.

இனி பர்மாவுக்கே உரிய சிக்கல் ஒன்று. பழைய ஆண்ட்ராய்டில் பர்மிய எழுத்து ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தது. ஐபோனில் யூனிகோடு என்ற உலகப் பொது முறை மட்டும்தான். இரண்டும் ஒரே குறியீட்டு எண்களை வெவ்வேறு எழுத்துக்குப் பயன்படுத்துவதால் ஒன்றில் அடித்தது இன்னொன்றில் குழம்பிப் போய்த் தெரியும். 2019 அக்டோபர் 1 அன்று அரசு யூனிகோடுக்கு மாறியதிலிருந்து புதுப் போன்களில் இந்தத் தகராறு குறைந்துவிட்டது, ஆனால் உங்கள் தொடர்பு எண்களில் பத்து வருஷத்துக்கு முன் பர்மிய எழுத்தில் சேமித்த பெயர்கள் இன்னும் ஜாவ்ஜியிலேயே இருக்கலாம். மாறின பிறகு அரிசிக் கடைக்காரர் எது, குழந்தையின் டாக்டர் எது என்றே தெரியாது. பழைய போன் கையில் இருக்கும்போதே பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்து, முக்கியமானவர்கள் பெயரைத் தமிழிலோ ஆங்கில எழுத்திலோ மாற்றி எழுதிவிடுங்கள். தமிழில் சேமித்த பெயருக்கு ஒன்றும் ஆகாது.

ஐபோனில் எடுக்கும் படங்கள் எச்இஐசி என்ற வகையில் சேமிக்கப்படும். போட்டோ பிரிண்ட் கடையில் பழைய கணினி இருந்தால் திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதை வைத்தால் இனி எடுப்பது சாதாரண ஜேபெக்காக வரும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு

இங்கே கேபிள் வைத்துச் செய்வதுதான் நிம்மதி. ஐபோன் 14 வரை என்றால் ஒரு முனை சி, மறுமுனை லைட்னிங் (ஐபோனின் பழைய தனி வாய்). 15-லிருந்து இரண்டு முனையும் சி. புது ஆண்ட்ராய்டை அமைக்கத் தொடங்கும்போதே ஐபோனைச் சொருகுங்கள், திரையில் வரும் க்யூஆர் குறியை ஐபோன் கேமராவால் பிடித்தால் வாட்ஸ்ஆப் தானே திறந்து பேச்சை அனுப்பத் தொடங்கும். சாம்சங் என்றால் அதன் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆப் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐகிளவுடில் மட்டும் இருக்கும் படங்கள் கேபிளில் வராமல் போகலாம், அவற்றை முன்பே போனுக்கு இறக்கிவிடுங்கள்.

சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோனுக்கு ஐபோன் செய்தி அனுப்பும் ஐமெசேஜையும், அழைப்புக்கான ஃபேஸ்டைமையும் அணைப்பதை மறக்காதீர்கள். நாம் இங்கே ஐமெசேஜ் அதிகம் பயன்படுத்துவதில்லைதான், ஆனால் ஆஸ்திரேலியாவில் ஐபோன் வைத்திருக்கும் அண்ணன் அனுப்பும் செய்தி உங்கள் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும், உங்களுக்கு வராது, அவருக்கும் அது தெரியாது.

பழைய போனை உடனே விற்காதீர்கள்

கேபே, வேவ் பே இரண்டையும் புதுப் போனில் திறந்து, ஓடிபி வந்து, பின் போட்டு, சின்னத் தொகை ஒன்றை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். என்.ஆர்.சி. அட்டை பக்கத்தில் இருக்கட்டும், கேட்டாலும் கேட்கும். பேஸ்புக்குக்கு இரட்டைப் பாதுகாப்பு வைத்திருந்து அதன் குறியீடு பழைய போனில் வருகிறது என்றால் அதையும் புதுப் போனுக்கு மாற்றுங்கள். இரண்டு வாரமாவது பழையதைச் சார்ஜோடு அலமாரியில் வைத்திருங்கள், ஏதாவது விட்டுப்போனது அப்போதுதான் தெரியும்.

எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, பழையது ஆண்ட்ராய்டு என்றால் முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், மெமரி கார்டை எடுங்கள், அப்புறம் ரீசெட். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்கினவர் திறக்கும்போது உங்கள் ஜிமெயிலைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். ஐபோன் என்றால் ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) என்பதை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகு அழியுங்கள். வாங்குபவர் தன் சொந்த ஐடியில் நுழைந்து முடிக்கும் வரைக்கும் கூடவே இருங்கள், அவருக்கு ஐடி இல்லையென்றால் மேலே சொன்ன மாதிரி அவர் பெயரிலேயே ஒன்று திறந்து கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.